சூரிய கிரண் விமானம் எந்தச் சிவப்பு? பூந்தமல்லி பெயிண்டு பட்டறையில் இருக்குது விடை!

பூந்தமல்லி-

"சூரிய கிரண்" சாகச விமானம் என்ன கலர்?

யாரைக் கேட்டாலும் "சிவப்பும் வெள்ளையும்" என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள். "எந்தச் சிவப்பு?" என்று அடுத்த கேள்வி போட்டால்தான் தகராறு ஆரம்பம்!

தக்காளிச் சிவப்பு என்பார் ஒருவர். குங்குமம் என்பார் இன்னொருவர். தபால் பெட்டிச் சிவப்பு என்று அடித்துச் சொல்வார் மூன்றாவது ஆள். மூவரும் தங்கள் கண்ணால் பார்த்தவர்கள்தான். ஆனால் மூன்று பேர் சாட்சியமும் ஒத்துப்போகாது.

சாகச விமானங்களை பிளாஸ்டிக்கில் சின்ன மாடலாகச் செய்து வைப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. இறக்கை, வால், சக்கரம் எல்லாம் அச்சு அசலாக வந்துவிடும். கலர் ஒரு பிடி தவறினால் போச்சு. பார்ப்பவர் "இது வேற நாட்டு விமானம் போல இருக்கே?" என்று கேட்டுவிடுவார்.

இந்தச் சிக்கலுக்கு விடை வெளிநாட்டுப் பெயிண்டு டப்பாவில் இல்லை. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் கார் கதவுக்கு கலர் சேர்க்கும் பட்டறைகளின் தொழிலில் இருக்கிறது!

மெரினாவில் பார்த்த கூட்டம்

2024-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி. மெரினா கடற்கரையில் விமானப்படையின் 92-வது ஆண்டு விழா சாகசம். லட்சக்கணக்கான மக்கள் திரண்டார்கள். புறநகரில் இருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அன்று கடும் வெயிலில் 5 பேர் உயிர் இழந்த சோகத்தை நகரம் இன்னும் மறக்கவில்லை.

அன்று சூரிய கிரண் அணியும், "சாரங்" ஹெலிகாப்டர் அணியும் வானில் வித்தை காட்டின. அதைப் பார்த்த பையன்களில் எத்தனையோ பேருக்கு "நாமும் ஒரு விமானம் செய்து அலமாரியில் வைக்க வேண்டும்" என்ற ஆசை வந்திருக்கும்.

ஆனால் மெரினாவில் பார்த்ததை வைத்து கலர் கலக்க முடியாது. நிகழ்ச்சி நடந்தது உச்சி வெயிலில். சூரியன் தலைக்கு மேலே. கீழே இருந்து அண்ணாந்து பார்ப்பவருக்குத் தெரிவது விமானத்தின் அடிப்பக்கம். அது நிழலில் இருக்கிறது. பின்னால் கண்ணைக் கூசும் வானம். இந்த நிலையில் எந்தச் சிவப்பும் ஒரு மாற்று குறைந்து கருப்படித்துத்தான் தெரியும்.

கோவையில் முதல் காட்சி

சூரிய கிரண் அணி 1996-ம் ஆண்டு கர்நாடக மாநிலம் பீதரில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கோவை விமானப்படை நிர்வாகக் கல்லூரியின் பொன்விழாவில் 6 விமானங்களுடன் பொதுமக்கள் முன் பறந்தது. ஆக, அந்தச் சிவப்பை முதலில் கண்டவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு!

அப்போது பறந்தவை பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலையில் செய்த "கிரண்" பயிற்சி விமானங்கள். பின்னர் அணி 9 விமானங்களாக வளர்ந்தது. 2011-ம் ஆண்டு அணி நிறுத்தி வைக்கப்பட்டது. 2015-ல் "ஹாக்" விமானங்களோடு மீண்டும் உயிர் பெற்றது.

இதற்கு முன்பு 1982-ல், விமானப்படையின் பொன்விழா ஆண்டில், "தண்டர்போல்ட்ஸ்" என்று ஓர் அணி உருவானது. ஹண்டர் போர் விமானங்கள். நிறம் நீலமும் வெள்ளையும். 1980-களோடு அந்த அணியின் கதை முடிந்தது.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. நீல ஹண்டர் அணி இன்று இல்லை. சிவப்பு கிரண் அணியும் இன்று இல்லை. அந்த நிறம் எப்படி இருந்தது என்று நாளைக்கு ஒருவன் கேட்டால், காட்டுவதற்கு மிச்சம் இருப்பது பெரும்பாலும் மங்கிப்போன போட்டோவும், யாரோ வீட்டில் செய்து வைத்த மாடலும்தான். மாடலில் தப்பான கலர் அடித்தால் அந்தத் தப்பே சரித்திரம் ஆகிவிடும்!

ஆள் மாறாட்டம்!

இதில் நடக்கும் பெரிய ஆள் மாறாட்டம் ஒன்று உண்டு.

பிரிட்டனில் "ரெட் ஆரோஸ்" என்று ஒரு சாகச அணி. அவர்களிடமும் ஹாக் விமானம். அவர்களுக்கும் சிவப்பு. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி அந்த விமானத்துக்கு மாடல் பெட்டி போட்டிருக்கிறது. ஹம்ப்ரால் கம்பெனி அதற்கென்றே "ஆரோ ரெட்" என்ற பெயரில் 238-ம் நம்பர் பெயிண்டு விற்கிறது.

நம்ம ஊர் ஆள் அந்தப் பெட்டியை வாங்குகிறார். "ஹாக்குன்னா ஹாக்குதானே, சிவப்புன்னா சிவப்புதானே" என்று அதே டப்பாவைத் திறந்து அடித்துவிடுகிறார்.

அது பிரிட்டிஷ் அணிக்காக வைத்த கலர். சூரிய கிரணுக்கு அளந்து செய்தது அல்ல. ஒரே ஜாடை என்பதற்காக அண்ணனைப் பிடித்துத் தம்பி என்று சொல்ல முடியுமா?

கலருக்கும் நம்பர் உண்டு

வீட்டுக்குக் கதவு எண் போல கலருக்கும் நம்பர் உண்டு.

இந்தியாவில் பெயிண்டு நிறங்களுக்கான தர அட்டவணையின் பெயர் ஐ.எஸ். 5. அதில் 537 என்றால் சிக்னல் சிவப்பு. 538 என்றால் தபால் ஆபீஸ் சிவப்பு. நம்பரில் ஒன்றுதான் கூடுதல். ஆனால் இரண்டும் வேறு வேறு சிவப்பு. பிரிட்டனில் பி.எஸ். 381-சி என்ற அட்டவணை புழக்கத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் 1956-ல் ஃபெடரல் ஸ்டாண்டர்டு 595 என்ற அட்டவணை வந்தது. 2017-ல் அது வேறு பெயருக்கு மாறினாலும் நம்பர்கள் நிலைத்துவிட்டன. அதில் ஒவ்வொரு கலருக்கும் 5 இலக்கம். முதல் இலக்கம் பளபளப்பைச் சொல்லும். 1 என்றால் பளபளப்பு, 2 என்றால் பாதி, 3 என்றால் மங்கல். இரண்டாவது இலக்கம் ஜாதியைச் சொல்லும். 1 சிவப்பு, 3 மஞ்சள், 4 பச்சை, 5 நீலம்.

அமெரிக்கக் கடற்படையின் "புளூ ஏஞ்சல்ஸ்" சாகச அணியின் நீலம் 15050. நம்பரைப் பார்த்தாலே பளபளக்கும் நீலம் என்று தெரிந்துவிடும்.

அப்படியானால் நம்பரை வைத்துக் கலந்தால் வேலை முடிந்ததா? அதுதான் இல்லை!

நம்பர் சரி, கலர் தப்பு

பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:-

"என்ன மேஸ்திரி, கம்பெனி நம்பர் பார்த்துத்தானே கலந்தீங்க? அப்புறம் ஏன் கதவு மட்டும் தனியா தெரியுது?"

"சார், நம்பர் புது வண்டிக்கு. உங்க வண்டி எட்டு வருஷம் வெயில்ல நின்ன வண்டி. வண்டிக்குத்தான் கலர் சேர்க்கணும், நம்பருக்கு இல்லை."

காரில் ஒட்டியிருக்கும் தகட்டில் கலர் நம்பர் இருக்கும். கடைக்காரர் அதைப் பார்த்துக் கலந்து கொடுப்பார். அதை அப்படியே அடித்தால் பழைய வண்டியில் ஒட்டாது. சிவப்புக்கு வெயில்தான் முதல் எதிரி. பல சிவப்பு வர்ணப்பொடிகள் வெயிலில் வெளுத்து ஆரஞ்சு பக்கமோ ரோஸ் பக்கமோ சாய்ந்துவிடும். அதனால் பெயிண்டர் ஒரு துளி மஞ்சள், ஒரு துளி கருப்பு என்று விட்டு விட்டு, அட்டையில் தடவி, காயவைத்து, வண்டியின் மேல் வைத்துப் பார்ப்பார்.

விமானமும் அப்படித்தான். புதிதாகப் பெயிண்டு அடித்து வெளியே வந்த நாளில் ஒரு கலர். வெயிலிலும் மழையிலும் பறந்த பிறகு இன்னொரு கலர். மாடல் செய்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்: எந்த ஆண்டு விமானம்? கிரணா, ஹாக்கா? புதுசா, பறந்து பழசானதா?

திசை திருப்பும் விளக்கு

அடுத்த குற்றவாளி விளக்கு.

பழைய மஞ்சள் சோடியம் விளக்கின் கீழ் சிவப்பு கார் பழுப்பாகத் தெரியும். இரவில் விபத்து நடந்த இடத்தில் "பழுப்பு கார்தான் சார் இடிச்சுட்டுப் போச்சு" என்று ஒருவர் நல்ல எண்ணத்தில் சொல்வார். உண்மையில் அது சிவப்பு காராக இருக்கும். சாட்சி பொய் சொல்லவில்லை, விளக்குதான் ஏமாற்றியது.

மாடலிலும் இதே மோசடி. டியூப் லைட்டில் உட்கார்ந்து ராத்திரி 10 மணிக்குக் கலந்த கலர் அச்சாகப் பொருந்தியிருக்கும். காலையில் வாசலில் கொண்டுபோய்ப் பார்த்தால் இரண்டும் தனித்தனி! இரண்டு பெயிண்டிலும் கலந்துள்ள வர்ணப்பொடி வேறு வேறு என்பதுதான் காரணம். ஒரு வெளிச்சத்தில் கூட்டு சேரும், இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும்.

அதனால்தான் பட்டறையில் கலர் சேர்ப்பவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே வருகிறார். பகல் வெளிச்சம், நேர் வெயில் படாத இடம். அங்கே பொருந்தினால்தான் பொருத்தம்.

போட்டோவை நம்பலாமா?

முழுசாக நம்ப முடியாது. அடர்ந்த சிவப்பு என்றால் கேமரா திணறும். செல்போனில் எடுத்த படத்தில் சிவப்பு ஒரே திட்டாக அப்பிக்கொண்டு நிற்கும். அச்சில் வரும்போது இன்னும் மாறும்.

ஒரு வழி உண்டு. ஒரே போட்டோவை நம்பாமல், வேறு வேறு நாளில் எடுத்த நாலைந்து படங்களைச் சேர்த்து வைக்க வேண்டும். விமானத்தின் வெள்ளைப் பகுதியைப் பார்க்க வேண்டும். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் அந்தப் படத்தின் சிவப்பையும் ஓரளவு நம்பலாம். வெள்ளை மஞ்சளாகவோ நீலமாகவோ இருந்தால் அந்தப் படம் கள்ளச் சாட்சி. தள்ளிவிடலாம்.

36 மீட்டர் கணக்கு

ஹாக் விமானத்தின் இறக்கை நுனியில் இருந்து நுனி வரை ஏறக்குறைய 10 மீட்டர். 72-ல் ஒரு பங்கு மாடலில் அது 14 சென்டிமீட்டர்தான்.

அந்த மாடலை அரை மீட்டர் தூரத்தில் வைத்துப் பார்ப்பது, நிஜ விமானத்தை 36 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். தூரம் கூடக் கூட, நடுவில் உள்ள காற்றும் தூசியும் நிறத்தை வெளுக்க வைக்கும். அதனால் நிஜ விமானத்தின் பெயிண்டையே எடுத்து மாடலில் அடித்தாலும் கொஞ்சம் இருட்டாகத்தான் படும்.

மாடல்காரர்களிடம் இதற்கு ஒரு பழக்கக் கணக்கு உண்டு. 72-ல் ஒரு பங்கு மாடலுக்கு சுமார் 15 சதவீதம், 48-ல் ஒரு பங்குக்கு சுமார் 10 சதவீதம் வெள்ளை சேர்ப்பது. இதை ஏற்காதவர்களும் உண்டு.

ஆனால் சிவப்பில் வெள்ளையைக் கொட்டினால் என்ன ஆகும்? ரோஸ் ஆகிவிடும்! வீரமாகப் பறக்க வேண்டிய விமானம் கல்யாண வீட்டு பலூன் போல ஆகிவிடும். அதனால் சிவப்பை வெளிச்சமாக்க வெள்ளைக்குப் பதில் ஆரஞ்சு அல்லது மஞ்சளில் சில துளிகள் விடுவதே நல்லது.

அடியில் என்ன இருக்கிறது?

சிவப்பு பெயிண்டுக்கு மறைக்கும் சக்தி குறைவு. அடியில் உள்ளது மேலே காட்டிக்கொடுத்துவிடும். சாம்பல் பிரைமர் மேல் அடித்த சிவப்பு மந்தமாக இருக்கும். அதே சிவப்பு வெள்ளைப் பிரைமர் மேல் பளிச்சென்று எழும். ஒரே டப்பா, இரண்டு கலர்!

சாகச விமான மாடலில் ஒழுங்கு இதுதான். பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, முதலில் முழுக்க வெள்ளை. காய்ந்ததும் வெள்ளை வேண்டிய இடத்தை டேப் ஒட்டி மறைத்து, அப்புறம் சிவப்பு. மாற்றிச் செய்தால் வெள்ளைக்குள் சிவப்பு ஊறி மேலே வரும்.

கோட்டிங் மெல்லியதாக இருக்க வேண்டும். மாடலில் பெயிண்டு 0.1 மில்லிமீட்டர் கனம் ஏறினால், நிஜ விமானத்தின் கணக்கில் அது 7 மில்லிமீட்டர். அது பெயிண்டு இல்லை, சிமெண்டு பூச்சு!

சொட்டுக் கணக்கு

கலர் சேர்க்கும் வேலையை இப்படிச் செய்யலாம்:-

பழைய மருந்து பில்லர் ஒன்று போதும். சொட்டு எண்ணி விட வேண்டும். "கண்ணால பார்த்து ஊத்தினேன்" என்றால் மறுபடி அதே கலர் வராது.

ஒவ்வொரு முறையும் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் தடவ வேண்டும். ஸ்பூன் வளைந்திருப்பதால் விமானத்தின் உடம்பு போலவே வெளிச்சம் படும்.

ஸ்பூனின் காம்பில் கணக்கை எழுத வேண்டும். "சிவப்பு 20, ஆரஞ்சு 2, கருப்பு அரை" என்ற மாதிரி. (இது எழுதும் முறைக்கு உதாரணமே தவிர, சூரிய கிரண் கலருக்கான அளவு அல்ல.)

ஈரத்தில் தீர்ப்பு சொல்லக் கூடாது. காய்ந்த பிறகு கலர் ஒரு படி இறங்கும். மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் முடிவு.

கூட இன்னொருவர் கண்ணையும் வைத்துக்கொள்வது நல்லது. ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்கு சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரித்துத் தெரியாது. அது பிறவியிலேயே வருவது. பலருக்கு அது இருப்பதே தெரியாமல் காலம் ஓடிவிடும். விமானி வேலைக்குப் போகிறவர்களுக்கு இதற்கென்று தனிப் பரிசோதனையே உண்டு.

மூவர்ண வட்டம்

விமானத்தின் மேல் இருக்கும் காவி, வெள்ளை, பச்சை வட்டத்திலும் தவறு நடக்கிறது. காவியை ஆரஞ்சு ஆக்கிவிடுகிறார்கள். பழைய ஸ்டிக்கர் என்றால் வெள்ளையும் மஞ்சளித்துவிடும்.

இந்தியத் தர நிர்ணய அட்டவணையில் ஐ.எஸ். 1 என்ற முதல் நம்பரே தேசியக் கொடிக்குத்தான். அதில் காவிக்கும் பச்சைக்கும் அளவு வரையறுத்திருக்கிறார்கள். அரசாங்கமே முதல் நம்பர் கொடுத்துக் காப்பாற்றும் நிறத்தை, மாடலில் இஷ்டத்துக்கு மாற்றலாமா?

பெற்றோருக்கு எச்சரிக்கை!

கலர் ஆசையில் பிள்ளைகள் பட்டறைப் பெயிண்டில் கை வைப்பது ஆபத்து.

வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி கொண்டுவந்தது. 2017 நவம்பர் 1-ந் தேதி முதல் அது அமலில் இருக்கிறது. ஆனால் இது வீட்டுப் பெயிண்டுக்கான விதி. தொழிற்சாலைப் பெயிண்டு இதில் வராது. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பில்தான் ஈயக் கலவைக்கு அதிக வேலை. சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே ஈயம் கெடுக்கும்.

காருக்கு அடிக்கும் இரண்டு டப்பா பெயிண்டில் சேர்க்கும் ஹார்டனர் இன்னொரு வம்பு. அதை ஸ்ப்ரே செய்யும்போது வரும் புகை மூச்சுக்குழாயைத் தாக்கி ஆஸ்துமாவைக் கொண்டுவரும். அதற்கென்று உள்ள முகமூடி இல்லாமல் பெரியவர்களே செய்யக் கூடாத வேலை அது.

போதாக்குறைக்கு, பட்டறை தின்னர் பட்டால் மாடலின் பிளாஸ்டிக்கே உருகிவிடும். ஒரு வார உழைப்பு ஒரு நிமிஷத்தில் போய்விடும்.

ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கலர் பிள்ளைகளுக்குப் போதும். பட்டறையில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தொழில் நுணுக்கத்தை மட்டும்தான், டப்பாவை அல்ல.

ஏன் இத்தனை பாடு?

"ஒரு பொம்மைக்கு இவ்வளவா?" என்று கேட்கலாம்.

ஒரு கார் இடித்துவிட்டு ஓடிவிட்டால், இடிபட்டவரின் சட்டையில் ஒட்டிய பெயிண்டுத் துணுக்கைக் கூட தடய அறிவியல் துறையினர் எடுத்து ஆராய்வார்கள். மேல் பூச்சு என்ன, அதற்கு அடியில் என்ன, அதற்கும் அடியில் என்ன என்று அடுக்கு அடுக்காகப் பார்ப்பார்கள். நகக்கண் அளவு பெயிண்டு ஒரு வண்டியையே அடையாளம் காட்டும். கலர் என்பது வெறும் அழகு இல்லை, அடையாளம்.

சாகச அணிக்கும் அதுவே அடையாளம். ஒன்பது விமானம் சில மீட்டர் இடைவெளியில் பறக்கிறது. அந்த நிறத்தில் பறந்து உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு. 2019-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி பெங்களூர் எலகங்காவில் ஒத்திகையின்போது இரண்டு சூரிய கிரண் ஹாக் விமானங்கள் மோதிக்கொண்டன. விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிர் இழந்தார்.

அந்த விமானத்தின் மாடலை ஒருவர் செய்து வைக்கிறார் என்றால், கையில் கிடைத்த ஏதோ ஒரு சிவப்பை அடித்து வைப்பது நியாயமில்லை.

மாடல் முடிந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதன் பீடத்தைத் திருப்பி, அடியில் பேனாவால் எழுத வேண்டும். எந்த ஆண்டு விமானம், எந்தக் கம்பெனி பெயிண்டு, எத்தனை சொட்டு, அடித்த தேதி என்ன. பட்டறை மேஸ்திரிகள் அடிக்கடி வரும் வண்டிகளின் கலர் கணக்கைப் பழைய டைரியில் குறித்து வைப்பதும் இதற்குத்தான். இருபது வருஷம் கழித்து மாடல் வெளுத்துப்போனாலும், அந்தக் கணக்கு வெளுக்காது!